பசிக்கு எல்லையில்லை, அட்டைக்கு உண்டு

நெருக்கடிக் காலத்தில் அரசு அளிக்கும் நிவாரணம் எல்லோரையும் ஒன்றுபோல் எட்டுவதில்லை. 1930-களின் பெருமந்தத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை குறைந்தபோது, தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவருக்குக் கிடைத்த நிவாரணம், ஊர் திரும்பக் கப்பல் பயணச்சீட்டுதான். அமெரிக்காவின் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் விலக்கப்பட்டனர். கறுப்பின உழைப்பாளரில் பெரும்பாலோர் அத்தொழில்களில்தான் இருந்தனர்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது, மத்திய அரசின் இலவச அரிசி ரேஷன் அட்டைக்கே கிடைத்தது. அட்டையில்லாத வெளியூர்த் தொழிலாளருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு என்று அறிவிக்க மே 14 ஆயிற்று. அதுவும் இரண்டே மாதங்களுக்கு.

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எனினும் அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை, அந்த்யோதயா அட்டைகளுக்கே பொருந்தும். தமிழகத்தில் அரிசி பெறும் முன்னுரிமையற்ற அட்டையுடன் சித்தூரிலோ திருப்பதியிலோ பிழைப்பவர், இங்குள்ள கடையிலிருந்து வெறும் பையுடன் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த நெருக்கடி வருமுன், செலவைத் தமிழகம் ஈடுசெய்யும் ஏற்பாட்டுடன் இரு மாநில அரசுகளும் இக்குறையைப் போக்க வேண்டும். முன்னுரிமை அட்டை உள்ள நம்மவர்களோ, ஆதார் இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டு, தங்கள் பங்கை இங்கேயே கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது. சட்டம் தந்த உரிமையைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?