டிராக்டரில் யாரும் தொடாத அந்தப் பெடல்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மினி டிராக்டர் வைத்திருப்பவர்களும், வாங்கப் போகிறவர்களும், அதை ஓட்டும் பையனைப் பெற்றவர்களும் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகர்ந்தாலும் எனக்குக் கோபமில்லை.

போன மாதம் என் தம்பி மகனின் தென்னந்தோப்பில் ரொட்டவேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். மர வரிசைக்கு நடுவே 25 அடி இருக்கிறதே என்று கொஞ்சம் ஒட்டி ஓட்டியதில், இடது பின்சக்கரம் ஒரு மரத்தின் வட்டப்பாத்திக்குள் இறங்கிவிட்டது. வலது சக்கரம் நல்ல காய்ந்த மண்ணில்தான் இருந்தது. ஆனால் அது அசையவில்லை. சேற்றில் இருந்த சக்கரம் மட்டும் சுற்றியது. பையன் ஆக்சிலரேட்டரைக் கூட்டக் கூட்டப் பள்ளம்தான் ஆழமானது. ஒருவர் தென்னை மட்டையைச் செருகினார். இன்னொருவர் சக்கரத்தில் கட்டை கட்டலாம் என்றார்.

நான் போய், "வலது கால் பக்கம் ஒரு பெடல் இருக்குமே, அதை மிதிச்சியாப்பா?" என்றேன்.

"அதுவா பெரியப்பா? அதைத் தொட்டா கியர்பாக்ஸ் போயிடும்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு."

வண்டி வாங்கி மூன்று வருடம். ஒருநாளும் அதை மிதித்ததில்லை. மண் அப்பி, துருப்பிடித்து, இறங்க மறுத்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, ஒருவழியாக இறங்கியது. இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்றன. ஒரே மூச்சில் வண்டி வெளியே வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். நானும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில் அது தப்பு, எந்த வயதிலும் தப்புதான்.

வரிசை முடிந்து வாய்க்கால் கரையில் இடது பக்கம் திருப்பினான். ஸ்டியரிங் திரும்பியது, முன்சக்கரமும் திரும்பியது, வண்டி மட்டும் நேராகவே போனது. துருப்பிடித்த பெடல் இறங்கிய இடத்திலேயே சிக்கிக்கொண்டு மேலே வரவில்லை. அவன் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தபோது முன்சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வண்டி வந்த அன்றே கையேட்டை முழுக்கப் படித்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். படித்துவிட்டு, "அவன் ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரியாதா" என்று பேசாமல் இருந்தவனும் நான்தான். வாத்தியாருக்கு அழகா இது?

சரி, பாடத்துக்கு வருகிறேன். குடியரசு தின அணிவகுப்பு நினைவிருக்கிறதா? வரிசை திரும்பும்போது உள்பக்கத்துப் பையன் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான், வெளிப்பக்கத்துப் பையன் எட்டி எட்டி நடப்பான். டிராக்டர் திரும்பும்போதும் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். அதில் ஒரு சங்கடம் உண்டு. அது இரண்டு பக்கத்துக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். நுகத்தடியில் ஒரு மாடு இழுக்காமல் பின்வாங்கினால் நுகம் சாய்ந்துகொள்ளும், மற்ற மாட்டின் பலம் வீணாகும். அதுபோல, சேற்றில் இருக்கும் சக்கரம் தாங்கும் சொற்ப விசைதான் காய்ந்த மண்ணில் இருக்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். 24 குதிரைத்திறன் இருந்தும் பிரயோசனமில்லை.

லாக் பெடலை மிதித்தால், ஒரு பக்கத்து அச்சு டிஃபரன்ஷியல் கூட்டோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அப்போது இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். அணிவகுப்பில் இரண்டு பையன்களையும் ஒரே கழியில் கட்டிவிட்டதைப் போல. நேராகப் போவார்கள், திரும்பமாட்டார்கள். எங்களை வாய்க்கால் கரையில் நிறுத்தியது அதுதான்.

இப்போது என் கருத்து. "தொட்டால் கெட்டுவிடும்" என்று சொல்லிச் சொல்லி ஒரு தலைமுறையையே இந்தப் பெடலுக்குப் பயப்பட வைத்துவிட்டோம். அந்த டிரைவர் சொன்னது முழுப்பொய் இல்லை. ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதித்தால், பூட்டும் பற்கள் மோதி உடையலாம். போட்டபடியே திருப்பினாலோ, தார் ரோட்டில் ஓட்டினாலோ அச்சும் பல்சக்கரங்களும் முறுக்கு வாங்கும். ஆனால் மருந்தை அளவு தெரியாமல் சாப்பிட்டவனுக்கு வாந்தி வந்தது என்பதற்காக மருந்தையே பூட்டி வைப்பார்களா? எங்கள் வண்டியில் பழுது வந்தது பெடலை மிதித்ததால் அல்ல, மூன்று வருடம் மிதிக்காததால்.

மிதிக்கும் முறை சுலபம். சக்கரம் சுற்றத் தொடங்கியதுமே கிளட்சை மிதித்து நிறுத்துங்கள், பள்ளம் பறிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரொட்டவேட்டரை அணைத்துத் தூக்குங்கள். என்ஜின் வேகத்தைக் குறைத்து, முன்சக்கரத்தை நேராக வையுங்கள். லாக் பெடலை மிதித்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். சட்டென்று இறங்காவிட்டால் உதைக்க வேண்டாம், பற்கள் நேருக்கு நேர் வந்ததும் தானாக இறங்கும். பிடிமானம் வந்ததும் காலை எடுத்துவிடுங்கள். லாக் விட்டுவிட்டதா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். விடாவிட்டால் இடது பிரேக், வலது பிரேக் என்று மாற்றி மாற்றி லேசாகத் தொட்டால் பற்களின் இறுக்கம் தளர்ந்து விடுபடும். இதற்குப் பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கியைக் கழற்ற வேண்டும். ரோட்டுக்கு ஏறும்முன் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

"சார், எங்க வண்டி ஃபோர் வீல் டிரைவ், லாக்கே தேவையில்ல" என்று ஒரு மாணவன் போனில் சொன்னான். தப்பு தம்பி. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பிடிமானம் இழந்தால் உன் வண்டியும் நிற்கும்.

அந்தக் கட்டை கட்டும் யோசனையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பின்சக்கரங்கள் சுற்ற முடியாதபடி மாட்டிக்கொண்டு, நீங்கள் முன்பக்கமாகக் கிளட்சை விட்டால், என்ஜினின் பலம் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். ஒன்றிரண்டு நொடிகளில் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். குதிப்பதற்கு நேரம் இருக்காது. பல மினி டிராக்டர்களில் தலைக்கு மேல் காப்புச் சட்டமும் இருப்பதில்லை. ஆழமாக மாட்டிக்கொண்டால், லாக் போட்டு பின்பக்கமாக எடுத்துப் பாருங்கள். வரவில்லையா, இறங்கிவிட்டு இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். வாடகைக் காசு போனால் போகிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, அதனால்தான் யாரும் செய்வதில்லை போலிருக்கிறது. சேற்றில் ஓட்டிய அன்று பெடலின் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காய்ந்ததும் அது அசையும் இடத்தில் கிரீஸ் வையுங்கள். கையால் அழுத்தி விட்டால் ஸ்பிரிங் அதைச் சட்டென்று மேலே கொண்டுவர வேண்டும். தயங்கினால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிஃபரன்ஷியல் ஊறிக் கிடக்கும் ஆயிலின் அளவைக் குச்சியில் பாருங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள், சேற்றுழவு செய்யும் வண்டிகளுக்கு இது நடக்கும். ஆயில் மாற்றும்போது கையேட்டில் போட்டிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். பின்டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை, வேலை இருக்கிறதோ இல்லையோ, இளகிய மண்ணில் நேராகப் பத்தடி லாக் போட்டு ஓட்டி விடுங்கள்.

வண்டி விற்பவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதியைச் செலவழித்து, ஈரமான மண்ணில் ஒருமுறை மிதிக்க வைத்துக் காட்டக் கூடாதா? வாங்குகிற நாமும் கேட்பதில்லை. மானியம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்பதோடு நம் கேள்விகள் முடிந்துவிடுகின்றன.

தம்பி மகன் புது ஸ்பிரிங் போட்டுவிட்டான். இப்போது கட்டைவிரலால் அழுத்தினாலே பெடல் இறங்கி ஏறுகிறது. வரும் சனிக்கிழமை தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், ஞாயிறு காலை மண் பதமாக இருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருப்பவர்கள் ஏழு மணிக்கு வாருங்கள். ஒவ்வொருவராக ஏறி மிதித்துப் பார்க்கலாம். வாய்க்கால் பக்கம் வேண்டாம், நடுத்தோப்பிலேயே வைத்துக்கொள்வோம். மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது, நான் உட்பட.