வந்த பொருளும் திரும்பிய பணமும்

வாணிகமாவது பொருளும் பணமும் கைமாறுதல். ஒன்று ஒரு கையினின்று செல்ல, மற்றொன்று அக்கைக்கு வருதல் வேண்டும். இரண்டும் ஒருவர் கையிலேயே சென்று தங்குமாயின் அதற்கு வாணிகம் என்னும் பெயர் பொருந்தாது. இவ்வளவு எளிய உண்மையை எடுத்துரைக்க ஒரு கட்டுரை வேண்டுமோ என்று நண்பர்கள் நகைக்கலாம். இணையச் சந்தையில் இவ்வுண்மை அடிக்கடி தவறுகின்றமையின் எழுதத் துணிந்தேன்.

நிகழ்வது இதுதான். ஒருவர் பணம் செலுத்திப் பொருள் ஒன்றை வேண்டுகின்றார். குறித்த நாளில் அது வரவில்லை. அவர் முறையிடச் சந்தையை நடத்தும் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருகின்றது. பத்து நாள் கழித்து, எங்கோ ஒரு கிடங்கில் உறங்கிக் கிடந்த அப்பார்சல் விழித்தெழுந்து அவர் வாயிலை அடைகின்றது. வழக்கோ முன்னமே முடிந்துவிட்டது. விற்றவரிடம் பொருளும் இல்லை, பணமும் இல்லை.

எம்மூராகிய மணமேல்குடியையே எடுத்துக்கொள்வோம். இருப்புப்பாதை தொடாத கடற்கரையூர் இது. இங்கிருந்து புறப்படும் பார்சல் சாலை வழியே அறந்தாங்கிக்கோ வேறு நகரத்திற்கோ சென்ற பின்னரே தொலைப்பயணம் தொடங்கும். இவ்வூரில் ஒருவர் பனையோலைக் கூடை முடைந்து, ஒன்று 400 ரூபாய்க்கு இணையத்தில் விற்பதாகக் கொள்க. (கணக்கு விளங்குதற்பொருட்டு யானே கற்பித்த தொகை இது.) ஓலைக்கும் கூலிக்கும் 240 ரூபாய், அனுப்புகூலிக்கும் சந்தைக் கட்டணத்திற்கும் 100 ரூபாய் போக, எஞ்சுவது 60 ரூபாய். கூடையும் போய்ப் பணமும் திரும்பிவிடின் நட்டம் 340 ரூபாய். அதனை ஈடுசெய்ய ஆறு கூடைகளின் ஊதியம் வேண்டும். பெருங்கடைக்கு இது கணக்கில் தோன்றாத துளி. கூடை முடைவார்க்கோ பல நாள் உழைப்பு.

பிந்தி வந்த பொருளுக்குப் பணம் திருப்புதல் தகாது என்பது என் கருத்தன்று. திருமணத்திற்கென வேண்டிய ஆடை திருமணத்திற்கு மறுநாள் வந்தால், அஃது ஆடையாயினும் வேண்டிய ஆடையன்று. கொண்டவர் பணத்தை மீளப் பெறுதல் முறையே. அவ்வாடையையும் வைத்துக்கொள்ளுதல்தான் முறையன்று. கொள்வோர் யாவரும் வஞ்சகர் என்றும் யான் கூறேன். பலர்க்கு யாரிடம் சொல்வதென்றே தெரியாது. ‘பொருள் வரவில்லை’ எனக் கைபேசியில் முறையிட எளிய வழி உண்டு. ‘பிந்தி வந்துவிட்டது, பணத்தை எடுத்துக்கொள்க’ என்று சொல்லவோ வழி தேடித்தான் காணல் வேண்டும். நேர்மையுடையாரும் இரண்டு நாள் தேடி, மூன்றாம் நாள் மறந்துபோவர்.

இனிச் சட்டம் யாது கூறுகின்றது என நோக்குவோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலைத் திங்களில் மின்வணிக விதிகள் இயற்றப்பெற்றன. குறித்த காலத்திற்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தை மீளத் தரவோ விற்பவர் மறுத்தல் கூடாதென்பது அவற்றுள் ஒன்று. மனித ஆற்றலை மீறிய இடையூற்றால் நேர்ந்த தாழ்ச்சிக்கு விலக்கும் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் கரைகடந்தபோது இம்மாவட்டம் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு அத்தகைய விலக்கின் அருமை விளங்கும். நுகர்வோர் முறையீட்டை 48 மணி நேரத்திற்குள் ஏற்றதாக அறிவித்து, ஒரு திங்களுக்குள் தீர்த்தல் வேண்டும் என்றும் அவ்விதிகள் பணிக்கின்றன. நன்று. ஆனால் விற்பவரின் முறையீட்டிற்கு அத்தகைய காலவரை இல்லை. பணம் திரும்பிய பின்னர்ப் பொருள் வந்து சேரின் செய்யத்தக்கது யாது என்பதனையும் அவை தனித்து உரைக்கவில்லை.

பழைய சட்டங்கள் இதற்கு நெருங்கி வருகின்றன. தவறுதலாக ஒருவரிடம் சேர்ந்த பொருளையோ பணத்தையோ அவர் திருப்புதல் வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்து 72-ஆம் பிரிவு. அதன் கருத்து ஈண்டும் பொருந்தும் என்பது என் துணிபு. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமோ, பொருளை ஏற்க மறுப்பவர் அதனைத் தாமே திருப்பியனுப்ப வேண்டியதில்லை, மறுப்பைத் தெரிவித்தலே போதும் என்கின்றது. எனவே கொண்டவர்மேல் விழும் சுமை பெரிதன்று. ஒரு சொல் மட்டுமே. ஆயினும் 400 ரூபாய்க் கூடைக்காக நீதிமன்றம் ஏறுவார் யார்?

நம் அஞ்சல் துறை 1877-ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. முறையைக் கொணர்ந்தது. பணத்தைக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். மறுக்கப்பட்ட பார்சல் அனுப்பியவரிடமே மீளும். அஞ்சற்செலவு அவருக்கு நட்டமாயினும் பொருள் நட்டமாவதில்லை. பணமும் பொருளும் ஒரே கையில் தங்க அம்முறையில் இடமேயில்லை. இன்று பணம் ஒரு வழியிலும் பொருள் வேறு வழியிலும் செல்கின்றன. இரண்டிற்கும் நடுவே நிற்கும் நிறுவனம் பணத்தைத் தன்பால் வைத்துக்கொள்கின்றது, பலவிடத்துப் பார்சலையும் தானே சுமக்கின்றது, வழக்கு நேரின் தீர்ப்பும் தானே வழங்குகின்றது. சுமந்தவன் தாழ்த்த குற்றத்தை அவனே விசாரித்து, விற்றவர் தலையில் கட்டுதல் எவ்வகை நடுவுநிலைமையோ அறியேன். கொள்வதிலும் கொடுப்பதிலும் அளவு தவறாதவர் என்று பட்டினப்பாலை புகழும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் இதனைக் கேட்பின் வியப்பர்.

சீன நாட்டுச் செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. பின்துவோதுவோ என்னும் இணையச் சந்தை 2021-இல், பொருளைத் திரும்பப் பெறாமலே பணத்தை மட்டும் திருப்பும் வழக்கத்தைத் தொடங்கிற்று. பிற சந்தைகளும் அதனைப் பின்பற்றின. சிறு விற்பனையாளர் நலிந்து முறையிட்டனர். 2025-இல் அச்சந்தைகள் அவ்வழக்கத்தைக் கைவிட முன்வந்தன. அத்தனை ஆண்டு நலிவு நம் நாட்டாருக்கும் வேண்டுமோ?

யான் வேண்டுவது சிறிதே. பார்சல் சேர்ந்ததென்று கூரியர்காரர் பதிந்தவுடன், முடிந்த வழக்குத் தானே மீளத் திறத்தல் வேண்டும். ‘வைத்துக்கொள்கின்றீரா, திருப்புகின்றீரா?’ என்று கொண்டவரை நிறுவனம் வினவுக. வைத்துக்கொண்டால் விலை விற்றவரைச் சேர்க. மறுத்தால் நிறுவனமே ஆளனுப்பிப் பொருளை எடுத்துச் செல்க. தாழ்ச்சி யாரால் நேர்ந்ததோ, அவரே அக்கூலியை ஏற்க. விற்றவர் பார்சலை ஒப்படைத்த நாள் நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கின்றது. அதனைத் திறந்து பார்த்த பின்னரே விற்றவர் கணக்கிற் கைவைத்தல் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதிகளில் ஒரு வரி சேர்த்தல் போதும்.