காமாலைக் கணக்கு

செஞ்சியில் ராஜகிரி மலை ஏறி இறங்கிய மனுஷனிடம் புத்திசாலித்தனத்தை எதிர்பார்க்கக் கூடாது. சுமார் 800 அடி உயரம். இறங்குவதற்குள் முழங்கால் ரெண்டும் தனித்தனியாக ராஜினாமா கடிதம் நீட்டும். அந்த நேரம் பார்த்து ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் கண்ணில் பட்டால்..? நானும் பழைய ரூம்மேட்டும் ஆளுக்கு ரெண்டு டம்ளர் அடித்தோம்.

ஆறு மாத கர்ப்பிணியான என் மனைவி மலையேறாமல் கல்யாண மகால் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்த தண்ணீரைக் காட்டி, "எனக்கு இது போதுங்க" என்றாள். 'பயந்தாங்கொள்ளி' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நாலு வாரம் கழித்து ரூம்மேட் போன் பண்ணினான்.

"மச்சான், கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குடா!"

"நேத்து என்னடா சாப்பிட்டே?"

"பரோட்டா."

பாவம் பரோட்டா! எல்லோரும் பண்ணும் தப்பு இது. சாப்பாடு, தண்ணீர் வழியாக வரும் காமாலை வைரஸ்கள் முக்கியமாக ரெண்டு: 'ஏ', 'ஈ'. 'ஏ' உள்ளே போய்த் தலைகாட்ட 15 முதல் 50 நாள் ஆகுமாம். சராசரி 28. பி.காம். பாஷையில் இது கடன் கொள்முதல். சரக்கு இன்றைக்கு, பில் அடுத்த மாசம். பில் வரும்போது எந்தக் கடையில் வாங்கினோம் என்பதே மறந்திருக்கும்.

விடுவேனா? ஆடிட் பண்ண உட்கார்ந்தேன்.

ஆவியில் வெந்த இட்லி நிரபராதி. 85 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் இருந்தால் 'ஏ' வைரஸ் காலி. கொதிக்கும் சால்னாவும், கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் பரோட்டாவும் விடுதலை. பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த சட்னி, வெங்காயப் பச்சடி, நறுக்கி வைத்த தர்பூசணி... சந்தேகக் கேஸ். ஐஸ்? குளிரில் கிருமி செத்துவிடும் என்பது நம் கற்பனை. வைரஸுக்கு ஃபிரிட்ஜ் என்பது ஏ.சி. லாட்ஜ்.

இதற்கெல்லாம் மேலே, பரிமாறுகிற கை. கண் மஞ்சளாவதற்கு ரெண்டு வாரம் முன்பிருந்தே மலத்தில் வைரஸ் வெளியேறும். கழிப்பறை போய் சோப்புப் போடாமல் வரும் ஆசாமி, பார்வைக்கு பயில்வான் மாதிரி இருப்பார்!

செஞ்சியில் நஷ்டக் கணக்கு புதுசில்லை. 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில். ஒரே சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்ததில்லை, ஆனால் பத்து வருஷத்தில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார் சரித்திர ஆசிரியர் ஓர்ம். வருஷத்துக்கு 120 சதவிகிதத் தேய்மானம்! என்ன நோய் என்று சோதித்துப் பார்க்க அன்றைக்கு வழியில்லை.

டெல்லிக் கணக்கு தெளிவானது. 1955 கடைசியில் யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது. சுமார் 29,000 பேருக்குக் காமாலை. பிற்பாடு ஆராய்ந்ததில் அது 'ஈ' வகை என்று தெரிந்தது.

இந்த 'ஈ'யைப் பற்றி டாக்டர் சொன்னதும்தான் என் ஜோக்கெல்லாம் நின்றது. "கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல வந்தா, நாலஞ்சு பேர்ல ஒருத்தர் உயிருக்கே ஆபத்து சார்."

என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாசம்.

ரூம்மேட்டின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வர ரெண்டு நாள். ஜூஸை அவள் தொடவில்லை. ஆனால், 'சமைக்க வேண்டாம், ரெஸ்ட் எடு' என்று நான் பெருமையாக வாங்கிவந்த பார்சல் சட்னிகள்? ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாக எண்ணினேன்.

ரிசல்ட் 'ஏ'. ரூம்மேட் ஓய்வெடுத்துத் தேறினான். நான் காய்ச்சின தண்ணீர், சோப்பு சகிதம் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதாவது நாள் விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். கண் வெள்ளை வெளேர்!

"கணக்கு முடிஞ்சிடுச்சும்மா!" என்று உற்சாகமாக வந்து டிபனுக்கு உட்கார்ந்தேன்.

"சந்தோஷங்க" என்றாள் தட்டைத் தள்ளி வைத்தபடி. "முதல்ல போய் கையைக் கழுவிட்டு வாங்க."