தகரப் பெட்டிக்குள் வானம்



நோன்புக்கு முன் வீடு துப்புரவு செய்யும் நாளில் ஆண்களுக்கு வீட்டில் மதிப்பில்லை என்பது நீங்கள் அறிந்ததே. "கிதாபை மூடி வச்சிட்டு உம்மாட தகரப் பெட்டியைத் தூக்கி வெளியில வைங்க" என்று உத்தரவு பிறந்தது. தூக்கினேன். பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய பேப்பர்களும் வெளியே வந்தன. பசறைப் பக்கம் தோட்டத்துக் கடை வைத்திருந்த வாப்பா, சாமான் சுற்றி மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டு வருவார். நான் வாசிக்க உட்கார்ந்தேன். துப்புரவு அதோடு நின்றது.

முதலாவது 1966ஆம் ஆண்டுப் பேப்பர். ஞாயிறு வார விடுமுறை இனி இல்லை, போயா நாளே விடுமுறை என்ற செய்தி. சந்திரன் கலண்டருக்குக் கட்டுப்படுமா? ஒரு வாரத்துக்கு ஏழு நாள் வந்தால் இன்னொரு வாரத்துக்கு எட்டு நாள் வந்தது. "அடுத்த கிழமை தாறேன் நானா" என்று கடன் சொன்னவர், "நான் சொன்னது எட்டு நாள் கிழமை" என்று தப்பியிருப்பார். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்க நாம் படும் பாடு ஊரறியும். முழு நாடும் வாரா வாரம் பிறையை எண்ணினால் என்ன கதி? 1971இல் சனியும் ஞாயிறும் திரும்பி வந்தன. நம் ஜும்ஆ மட்டும் வெள்ளிக்கிழமையை விட்டு அசையவில்லை.

இரண்டாவது 1996. மழையில்லை, நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீரில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். நான் அப்போது மத்ரஸா மாணவன். பன்னிரண்டு தாண்டிச் சொல்லும் ளுஹர் பாங்கு ஒரு மணிக்குப் பின்னால் போயிற்று. சூரியன் அந்த அறிவித்தலை வாசிக்கவில்லை, சேவலும் வாசிக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்பதே முதல் கேள்வி. பழைய நேரத்தை நம்பிப் போனவருக்குச் சஹனில் எலும்புதான் மிஞ்சியிருக்கும். ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மீதி அரைக்கு 2006 ஏப்ரல் வரை காத்திருந்தோம்.

சிரித்தாயிற்று. இனிக் கொஞ்சம் யோசிப்போம். நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடும் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அந்த நாலு மணி, பழைய கணக்கில் மூன்று மணி. அன்று எத்தனையோ லயங்களில் மின்சாரமே இல்லை. இல்லாத மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அவள் குப்பி விளக்கோடு தன் தூக்கத்தைக் கொடுத்தாள்.

மூன்றாவது 1970ஆம் ஆண்டுத் தேர்தல் காலப் பேப்பர். கூப்பன் அரிசி 1966இல் இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்திருந்தது. சந்திரனிலிருந்து கொண்டு வந்தாவது இரண்டு கொத்துத் தருவோம் என்று மேடைகளில் முழங்கிய காலம் அது. மனிதன் சந்திரனில் கால் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதுளை ஸ்டேஷனில் கோச்சிக்குப் பதிலாக ராக்கெட் வந்து நின்று, சங்கக் கடை மனேஜர் மூட்டை எண்ணுவதை நினைத்துப் பாருங்கள்! ஆம்ஸ்ட்ரோங் கொண்டு வந்ததோ வெறும் கல். "கூப்பன் அரிசியில அவ்வளவு கல் கிடந்ததே, அது சந்திரனில இருந்துதான் வந்திருக்கும்" என்பார் வாப்பா.

அந்தப் பேப்பருக்குள் மடித்து வைத்திருந்தது அவருடைய 1974ஆம் ஆண்டுக் கடன் கொப்பி. கால் இறாத்தல் கருவாடு, அரைப் போத்தல் மண்ணெண்ணெய் என்று சின்னச் சின்னக் கணக்குகள். வசூலானதற்கு "சரி" என்று எழுதுவது வாப்பாவின் வழக்கம். பல பக்கங்களில் "சரி" இல்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும். உம்மா முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. 1973, 74 உணவுத் தட்டுப்பாட்டில் கூப்பன் சுருங்க, தோட்டப்புறங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். கொடுக்க வழியில்லாதவர்களின் கணக்கை வாப்பா கோடு போட்டு மூடியிருக்கிறார். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு விட்டுக் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயம் சொல்வதை நான் பல வருடங்களாகப் பாடமாக நடத்துகிறேன். வாப்பா மத்ரஸா வாசலை மிதித்தவரல்லர்.

சகோதரிகளே, மூன்று தலைப்பும் வானத்தைத் தொட்டன. ஆனால் அவற்றின் பலன் விழுந்த இடம் அடுப்படி. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்கிறது அல்ஹுஜுராத். விசாரிக்கும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: இது யாருடைய பானையை நிரப்பும்? யாருடைய தூக்கத்தைக் கெடுக்கும்? அடுப்படியில் நிற்கும் உங்களை விட அந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர் யார்?

"வாசிச்சது போதும், பெட்டிக்கு விரிக்க இன்டைக்குப் பேப்பரைத் தாங்க" என்று குரல் வந்தது. கொடுத்து விட்டேன். கடன் கொப்பியை மட்டும் என் கிதாபுகளோடு வைத்துக் கொண்டேன்.