யூதாசின் கால்களும் கழுவப்பட்டன



தவக்காலம் நிறைவுற்று, பாஸ்காவின் முப்பெரும் நாள்கள் தொடங்குவது பெரிய வியாழன் மாலையில். அன்று ஆண்டவர் திவ்ய நற்கருணையை ஏற்படுத்தினார், குருத்துவத்தை நிறுவினார், அன்புக் கட்டளையை அளித்தார். ஞானோபதேச வகுப்பில் நாம் கற்ற பாடம் இது. ஆனால் இம்மூன்றும் ஒரே பந்தியில் நிகழ்ந்தது ஏன் என்று சிந்தித்திருக்கிறோமா?

மத்தேயு, மாற்கு, லூக்காஸ் ஆகிய மூவரும் அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றி எழுதியுள்ளனர். அருளப்பரோ அந்த மாலைக்கென்றே ஐந்து அதிகாரங்களை ஒதுக்கியும், அப்பத்தை ஆசீர்வதித்த செய்தியைக் கூறவில்லை. அதற்குப் பதிலாக, ஆண்டவர் மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவியதை விவரிக்கிறார். நற்கருணை உட்கொள்வோர் எவ்வாறு வாழவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் உண்டோ?

புழுதி நிறைந்த பாதைகளில் மக்கள் நடந்து திரிந்த அந்நாட்டில், கால் கழுவுவது ஊழியருள் கடையரின் வேலை. அதே பந்தியில்தான், தங்களுள் பெரியவர் யார் என்று சீடர்கள் வாதாடியதாக லூக்காஸ் எழுதுகிறார். பெரியவர் யார் என்று வாதாடுகிறவர்கள் தண்ணீர்ச் செம்பைத் தேடிச் செல்வதில்லை. எவரும் எடுக்காத துண்டை ஆண்டவரே எடுத்தார்.

இராயப்பர் மறுத்தார். பணிவிடை செய்வது மட்டுமன்று, பிறர் கையால் பணிவிடை பெறுவதும் தாழ்ச்சியையே கேட்கிறது. நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் முதியோர் இதனை நன்கறிவர்.

இனி யூதாசைப் பாருங்கள். அவன் எழுந்து இருளுக்குள் சென்றது பாதம் கழுவிய பின்னரே. ஆகவே அவனுடைய கால்களும் ஆண்டவரின் கைகளில் இருந்தன. அவன் செய்யப்போவதை அவர் அறிந்திருந்தார்; அறிந்தும் அவனைத் தாண்டிச் செல்லவில்லை. அவன் மனம் மாறவும் இல்லை. அந்த அன்பு ஏற்கப்படவும் இல்லை. ஆயினும் அது குறைவாக அளிக்கப்படவில்லை. தன்னலமற்ற அன்பு என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லின் முழுப் பொருள் இங்கே விளங்குகிறது.

அயலானை அன்புசெய்யும்படி லேவியராகமம் முன்னரே கட்டளையிட்டிருந்தது. அங்கே அளவுகோல் தன்மீது ஒருவன் கொண்ட அன்பு. பெரிய வியாழனன்று அளவுகோலே மாறியது: ஆண்டவர் நம்மை அன்புசெய்தவாறு நாம் பிறரை அன்புசெய்தல் வேண்டும். கட்டளை புதியதானது இதனாலேயே. கட்டளை எனப் பொருள்படும் 'மந்தாத்தும்' என்ற இலத்தீன் பெயரே பாதம் கழுவும் சடங்குக்கும் வழங்குகிறது.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு வகுத்த சட்டத்தில் அழகிய ஒழுங்கு ஒன்று உண்டு. வாரத்தின் சமையற்பணியை முடிப்பவரும், அடுத்த வாரம் அதனை ஏற்பவரும் சேர்ந்து அனைவருடைய கால்களையும் கழுவவேண்டும். அடுப்படிப் பணியையும் ஆண்டவரின் துண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. 1955-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் பெரிய வார வழிபாட்டைச் சீர்திருத்தியபோது, பங்குகளிலும் மாலைத் திருப்பலியின்போதே இச்சடங்கை நடத்த வழி பிறந்தது. 2013-ல் பாப்பரசர் பிரான்சிஸ் உரோமையிலுள்ள சிறார் சிறை ஒன்றில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். 2016-ல் வெளியான ஆணையின்படி, பெண்களையும் இச்சடங்குக்குத் தேர்ந்துகொள்ளலாம்.

நம் கோவில்களில் பன்னிருவரும் வீட்டிலேயே கால்களை நன்கு கழுவிக்கொண்டு, வெள்ளை வேட்டியுடுத்தி வந்து அமர்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் பன்னிருவருள் யாருக்கு இடம் என்பதிலேயே மனத்தாங்கல் எழுமானால், பெரியவர் யார் என்ற பழைய வாதத்திற்கே நாம் திரும்பிவிட்டோம் என்றுதான் பொருள்.

அழுக்குள்ள கால்கள் நம் இல்லங்களில் காத்திருக்கின்றன. பாகப்பிரிவினைக்குப்பின் பேச்சற்றுப்போன அண்ணன், எத்தனை செய்தாலும் குறைகூறும் மாமியார், சொல்கேளாத மருமகள், உதவியை மறந்த உறவினர் ஆகியோரிடமே நம் அன்பு சோதிக்கப்படுகிறது. கைம்மாறு தருவோருக்குச் செய்வது கொடுக்கல் வாங்கல். தராதவருக்குச் செய்வதே ஆண்டவரின் துண்டை ஏந்துவது. அநீதியை நீதி என ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதன்று இதன் பொருள். காட்டிக்கொடுப்பவன் அங்கே இருப்பதை ஆண்டவர் மறைக்கவில்லை; உண்மையைச் சொன்னார், அன்பையும் நிறுத்தவில்லை.

எனவே வரும் பெரிய வியாழனன்று திருப்பலிக்குப் புறப்படுமுன், குடும்பமாகச் சற்றே அமர்ந்து, நாம் தாண்டிச் செல்லும் அந்த ஒருவர் யாரென்று நம்மை நாமே கேட்போம். அவர் வீட்டு வாசலை மிதிப்போம், நலம் விசாரிப்போம், நோயுற்றிருந்தால் ஒருவேளை உணவு கொண்டுசெல்வோம். அவர் முகம் திருப்பிக்கொண்டாலும் மனந்தளராதிருப்போம். பந்தியில் அமர்ந்த யூதாசை விலக்காத ஆண்டவர், அவ்வாசலில் நமக்கு முன்பே நிற்பார்.