புக்ககம் அயல்நாடாயின்

மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பல இல்லங்களில் மற்றக் கேள்விகள் யாவும் அடங்கிவிடுகின்றன. குடும்பம், குணம், வருமானம் ஆகியவற்றைத் துருவித் துருவி விசாரிக்கும் பெற்றோர், தம் மகள் அந்நாட்டில் எந்த உரிமையோடு வாழப்போகிறாள் என்பதை மட்டும் கேட்பதில்லை. கோவிலில் தாலி ஏறியதும் விமானம் ஏறலாம் என எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று.

முதலில் அறிய வேண்டியது, மணமகன் அந்நாட்டுக் குடிமகனா, அன்றி கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்றவரா என்பதே. குடிமகனின் மனைவிக்கு ஆண்டு வரம்பு கிடையாது. மற்றவரின் மனைவியோ, ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் இடங்களுக்காக வரிசையில் காத்திருத்தல் வேண்டும்.

திருமணத்திற்குப் பின் கணவர் ஐ-130 என்னும் மனுவை அங்குள்ள குடியேற்றத் துறையிடம் கொடுப்பார். அது ஏற்கப்பட்டபின், கட்டணம், காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, துணைத் தூதரக நேர்காணல் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம்மவர்க்குப் பெரும்பாலும் மும்பையில்தான் நேர்காணல். யாவும் முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மனைவியைக் காப்பாற்றும் பொறுப்பைக் கணவர் எழுத்து மூலம் ஏற்க வேண்டும். அவர் வருமானம், அரசு வகுத்த வறுமைக் கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. குறையுமாயின் தகுதியுள்ள மற்றொருவர் உடன்பொறுப்பு ஏற்கலாம். மணமுறிவு நேர்ந்தாலும் இப்பொறுப்பு அதனால் நீங்குவதில்லை.

நம் பக்கத்தில் தாமதம் நேர்வது பெரும்பாலும் பெயர்களால். திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர். கடவுச்சீட்டிலோ தலைப்பெழுத்து விரிந்து, தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி நிற்கும். இவற்றை மணநாளுக்கு முன்பே சீர்செய்தல் நலம். பங்கு ஏட்டில் எழுதியாயிற்று என்று இருந்துவிடாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி 90 நாட்களுக்குள் அரசுப் பதிவும் செய்தல் வேண்டும்.

மணம் முடிந்து சில நாட்களிலேயே கணவர் கடல் கடந்துவிட, இருவரும் சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்றுகள் குறைவாகவே இருக்கும். இது மெய்யான இல்லறந்தானா என்று அதிகாரி வினவுவார். அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டா. கடிதங்கள், தொலைபேசிப் பதிவுகள், பயணச் சீட்டுகள், புகைப்படங்கள் ஆகியவற்றை நாள் குறித்துச் சேர்த்து வையுங்கள்.

இனிச் சொல்வதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். மனைவி அந்நாட்டில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டாண்டுகள் நிறைவுறாதிருப்பின், அவளுக்குக் கிடைப்பது இரண்டாண்டுக்கான நிபந்தனை உரிமையே. போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் இயற்றிய சட்டம் இவ்வாறு விதித்தது. அந்த இரண்டாண்டின் இறுதி 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரிக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒப்பமிட்டு மனுச் செய்ய வேண்டும்.

நல்ல கணவருக்கு இது ஒரு கையெழுத்து. கொடியவன் கையிலோ இதுவே சாட்டையாகிவிடும். "நான் ஒப்பமிடாவிட்டால் நீ ஊருக்குத்தான்" என்ற அச்சுறுத்தலுக்கு அஞ்சி, அடியையும் வசையையும் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அவர்கள் அறியாதது ஒன்று. உண்மையாகச் செய்துகொண்ட மணத்தில் மனைவி கொடுமைக்கு ஆளாயின், கணவரின் ஒப்பமின்றித் தனியே மனுச் செய்ய 1990ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. இதற்காக இறுதி 90 நாட்கள் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மெய்யான மணம் மணமுறிவில் முடிந்தாலும் தனி மனு செய்ய இடமுண்டு.

ஆகவே, பெற்றோரே, நகைகளை எண்ணிக் கொடுத்து அனுப்பும்போது இவற்றையும் மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கடவுச்சீட்டும் வதிவுரிமை அட்டையும் அவளிடமே இருக்கட்டும். அவற்றின் நகல்கள் தாய்வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். அட்டை முடிவுறும் நாளை இரு வீட்டாரும் குறித்து வைத்திருத்தல் நன்று. மருமகன் நல்லவராயின் இவற்றால் அவருக்கு யாதொரு குறையும் இல்லை.