வீடு திரும்பும் நோயாளியும் கூரையும்

கோடையில் வீட்டுக்கு அனுப்பிவைத்த முதியவர்களுள் சிலர், இரண்டு வாரத்துக்குள் தலைசுற்றலோடு திரும்பி வருகின்றனர். மருந்தைத் தவறாமல் உட்கொண்டிருப்பார்கள். விசாரித்தால், பகல் முழுவதும் தகரக் கூரையின்கீழ்ப் படுத்திருந்தது தெரியவரும். இதய நோய்க்காக நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு வியர்வையிலும் நீரும் உப்பும் வெளியேறினால், இரத்த அழுத்தம் தாழும், சிறுநீரகமும் தளரும். ஆகவே கூரையைப் பற்றிக் கேட்பதும் மருத்துவரின் கடமை என்றே கருதுகிறேன்.

நம் நோயாளிகள் பலரின் ஊராகிய கூரத்துக்கு வெயில் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடுகள், அவ்வூரின் பரமேசுவர தடாகத்தையும், பாலாற்று நீரை அதற்குக் கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகின்றன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனியே பேசுகின்றன. குடவோலைத் தேர்தலைப் புகழும் நாம், நீரையும் தோட்டத்தையும் காக்க ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இன்றோ, நோயாளி வருகிறார், சுத்தமாக இருக்கட்டும் என்று வேம்பை வெட்டி முற்றத்துக்குச் சிமெண்டு பூசுகின்றனர். அன்பினால் செய்வதுதான். ஆயினும் இலைகள் நீராவியை வெளியிட்டுக் காற்றைக் குளிர்விக்கின்றன. சிமெண்டுத் தளமோ பகல் வெப்பத்தை வாங்கிவைத்து இரவில் வெளிவிடுகிறது. நோயாளி உறங்க வேண்டிய நேரம் அது. உதிரும் சருகைப் பெருக்கிவிடலாம். வெட்டிய மரத்தின் நிழலுக்கு எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது?

1984-இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிக், பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், மரம் வேண்டும் என்பதற்கு நம் ஊர் வெயிலே எனக்குப் போதிய காரணம்.

புதுவீடு கட்ட வேண்டியதில்லை. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேயலாம். அடுப்புத் தீப்பொறி எட்டாதிருக்க வேண்டும். எதிரெதிரே சன்னல் உள்ள அறையில் கட்டிலைப் போடுங்கள். சன்னலுக்குக் கொசுவலை அவசியம். வீடு செல்லும் நாளன்று, நோயாளி படுக்கும் அறையின் கூரை எதனால் ஆனது என்பதை எங்களிடம் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெயில் காலத்துக்கு அதன் அளவையும், நாளொன்றுக்குக் குடிக்க வேண்டிய நீரின் அளவையும் கேட்டு எழுதிச் செல்லுங்கள்.